பழைய ஜீப் வண்டி: பழுதைக் கண்டறிந்து நீக்கும் முறை

1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய அபிவிருத்தித் திட்டம் நம் நாட்டில் தொடங்கப்பெற்றது. மாட்டு வண்டித் தடம் மட்டுமே இருந்த சிற்றூர்களுக்கு அலுவலர்களையும் விதை மூட்டைகளையும் மருந்துப் பெட்டிகளையும் கொண்டு சேர்த்ததில் ஜீப் வண்டிக்குப் பெரும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் படையினருக்காக உருவாக்கப்பட்ட அவ்வண்டியை, 1940-களின் இறுதியிலிருந்து பம்பாயில் மகிந்திரா நிறுவனத்தார் இணைத்து விற்கலாயினர். அன்று முதல் வட்டார அலுவலகம் என்றாலே ஜீப் என்று கிராமவாசிகள் எண்ணும்படி ஆயிற்று.

அரசுக்குச் சொந்தமான வண்டிகளில் 15 ஆண்டு கடந்தவற்றின் பதிவு 2023 ஏப்ரல் 1 முதல் முடிவுக்கு வந்துவிட்டமையால், அலுவலக வாயில்களில் அப்பழைய ஜீப்புகளை இனிக் காண்பதற்கில்லை. ஆயினும் தனியாரிடம் உள்ளவை ஓய்வு பெற்றுவிடவில்லை. கொல்லிமலை, ஏற்காடு, கொடைக்கானல் முதலிய மலைச்சரிவுகளிலும், தேனி மாவட்டத்திலிருந்து இடுக்கி ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் பாதைகளிலும் அவை விளைபொருளையும் ஆட்களையும் சுமந்து ஏறி இறங்குகின்றன. அத்தகைய வண்டி வைத்திருப்போருக்கும், அதில் தம் ஊர் மக்களை ஏற்றி அனுப்பும் ஊராட்சி உறுப்பினர்களுக்கும் பயன்படும் பொருட்டே இக்கட்டுரை எழுதப்படுகிறது. இதில் கூறப்படுபவை வில்லிஸ் அமைப்பில் உருவான பெட்ரோல் ஜீப்புகளுக்குச் சிறப்பாகப் பொருந்தும். பிற்காலத்தில் டீசல் எஞ்சின் பூட்டப்பட்ட வண்டிகளுக்கும் எஞ்சின் பகுதி நீங்கலாக ஏனையவை பெரும்பாலும் ஏற்புடையனவே.

பழைய ஜீப்பைப் பற்றிப் பேசுவோர் எஞ்சின் கிளம்பாத குறையிலிருந்தே தொடங்குவது வழக்கம். கிளம்பாத வண்டி களத்து மேட்டிலேயே கிடக்கும். அதனால் வேலை கெடுமேயன்றி எவருடைய உயிருக்கும் தீங்கில்லை. இறக்கத்தில் நிற்க மறுக்கும் வண்டியின் கதை வேறு. ஆகவே பழுது பார்க்கும் வரிசையில் பிரேக்கையே முதலில் வைத்தல் வேண்டும்.

பிரேக் மிதி சொல்லும் செய்தி

பழைய ஜீப்பில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டரிலிருந்து ஒரே வழியாகப் பிரேக் ஆயில் செல்கிறது. இக்காலக் கார்களில் இரு தனி வழிகள் உண்டு. ஒன்று பழுதானாலும் மற்றொன்று உதவும். ஜீப்பிலோ ஏதேனும் ஒரு சக்கரத்தின் ரப்பர்க் குழாய் வெடித்தாலும் நான்கு சக்கரங்களும் ஒருசேரப் பிரேக்கை இழக்கும். இவ்வொரு காரணத்துக்காகவே, பிரேக்கில் சிறு குறையையும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டுவைத்தல் ஆகாது.

வண்டியைச் சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, மிதியை ஒரு முறை அழுத்திப் பாருங்கள். முதல் மிதியில் தரைவரை தாழ்ந்து, இரண்டு மூன்று முறை விரைந்து மிதித்தபின் மேலெழும்பிக் கெட்டிப்படுமாயின், பிரேக் ஷூக்களுக்கும் டிரம்முக்கும் இடையே இடைவெளி மிகுந்துவிட்டது என்பது பொருள். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, பின்தட்டில் உள்ள சரிசெய்யும் திருகைச் சக்கரம் உரசும்வரை திருப்பி, பிறகு தடையின்றிச் சுழலும் அளவுக்குச் சற்றே தளர்த்த வேண்டும். இதற்குப் புதிய சாமான் எதுவும் தேவையில்லை. லைனிங் தேய்ந்து ஆணித்தலை தெரியும் நிலைக்கு வந்திருந்தால் மட்டும் மாற்ற வேண்டும்.

மிதி பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று புகுந்துள்ளது. இருவர் சேர்ந்து, மாஸ்டர் சிலிண்டருக்குத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து தொடங்கி வரிசையாகக் காற்றை வெளியேற்றுதல் வேண்டும். ஒருவர் மிதியை அழுத்திப் பிடிக்க, மற்றவர் நிப்பிளைத் திறந்து, காற்றுக் குமிழி கலந்த ஆயில் வெளிவந்தபின் மூடி, அதன் பிறகே மிதியை விடச் சொல்ல வேண்டும். இடையில் மாஸ்டர் சிலிண்டரின் தொட்டி வற்றிவிட்டால் செய்த வேலை வீண். வெளிவந்த ஆயிலைச் சிக்கனம் கருதி மீண்டும் ஊற்றுவோர் உண்டு. இது தவறான சிக்கனம். அவ்வாயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும் தன்மையுடையது. ஈரம் கலந்த ஆயில் நீண்ட இறக்கத்தின் வெப்பத்தில் கொதித்து ஆவியாக, மிதி வெறுமையாகிவிடும்.

காலை எடுக்காமல் ஒரே அழுத்தமாகப் பிடித்திருக்கையில் மிதி மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. வெளியே கசிவு தெரியாவிடில், மாஸ்டர் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர்க் கப் தேய்ந்து ஆயிலைப் பின்வாங்க விடுகிறது எனக் கொள்ளலாம். அவ்வண்டியை அப்படியே நிறுத்திவிட வேண்டும். சந்தை நாள் என்பதற்காக ஒரு நடை கூட ஓட்டலாகாது.

பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாயின், எதிர்ப்பக்கத்து லைனிங்கில் எண்ணெயோ கிரீசோ படிந்திருத்தல் கூடும். அல்லது அப்பக்கத்து வீல் சிலிண்டர் இறுகியிருக்கும். எண்ணெய் ஊறிய லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பூட்டுவதால் பயனில்லை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் கசியும். கசிவுக்குக் காரணமான சீலை மாற்றி, அதே அச்சின் இரு சக்கரங்களுக்கும் லைனிங்கைச் சேர்த்தே மாற்றுதல் முறை.

அவசரத்துக்கு எஞ்சின் ஆயிலைப் பிரேக் தொட்டியில் ஊற்றிவிடும் பழக்கம் சிலரிடம் காணப்படுகிறது. அது ரப்பர்ப் பகுதிகள் அனைத்தையும் உப்பச் செய்துவிடும். ஒரு முறை ஊற்றிவிட்டால் குழாய்களைக் கழுவி எல்லா ரப்பர்களையும் மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. ஓடையைக் கடந்தபின் டிரம்மில் நீர் புகுந்து பிரேக் பிடிக்காது. மெதுவாகச் செலுத்திக்கொண்டே மிதியை இலேசாக அழுத்தி வந்தால் சிறிது தூரத்தில் உலர்ந்துவிடும்.

கைப் பிரேக்கும் ஜாக்கியும்

ஓட்டுநர் பலரும் அறியாத ஒன்று இங்கே கூறத் தக்கது. வில்லிஸ் அமைப்பைப் பின்பற்றிய வண்டிகளில் கைப் பிரேக் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேசுக்குப் பின்னால், பின்புறப் புரொபெல்லர் ஷாப்டின் தொடக்கத்தில் உள்ள சிறிய டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஷாப்ட் நிற்கும்போது, பின் சக்கரங்கள் இரண்டும் தரையில் இருக்கும்வரை வண்டியும் நிற்கும். ஒரு பின் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டாலோ, டிபரன்ஷியலின் இயல்பால் தூக்கிய சக்கரம் ஒரு திசையிலும் தரையில் உள்ள சக்கரம் மறுதிசையிலும் சுழல வழி ஏற்பட்டு, வண்டி ஜாக்கியிலிருந்து நழுவி உருளும். கியரில் போட்டு நிறுத்தியிருந்தாலும் இதே நிலைதான். பின் அச்சுத் தண்டு ஒன்று முறிந்தாலும் கைப் பிரேக் பயனற்றுப் போவது இதனாலேயே.

ஆகவே ஜாக்கி வைக்குமுன் தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை போடுதல் இன்றியமையாதது. வண்டியிலேயே இரண்டு மரக்கட்டைகளை நிரந்தரமாக வைத்திருப்பது நன்று. சாலையோரக் கல்லைத் தேடி அலைய வேண்டியதில்லை. மேலும், பழைய ஜீப்புகள் பலவற்றில் இடப்பக்கச் சக்கரங்களின் நட்டுகளுக்கு இடப்புரி உண்டு. அவற்றை வழக்கமான திசையில் கழற்ற முயன்று, வராது போகவே ஸ்பேனரில் குழாயைச் செருகி, நட்டை மேலும் மேலும் இறுக்கிப் போல்ட்டையே முறித்தவர்கள் உண்டு.

முன் சக்கர உதறல்

குறிப்பிட்ட வேகத்தில் பள்ளம் ஒன்றில் விழுந்து எழும்போது முன் சக்கரங்கள் இரண்டும் வெறிகொண்டாற்போல் உதறி, ஸ்டியரிங் கைக்கு அடங்காமல் துடிப்பது பழைய ஜீப்பின் பெருங்குறை. பலர் உடனே ஸ்டியரிங் பெட்டியைக் குறை கூறி அதை இறுக்குகின்றனர். உண்மையில் குறை வேறிடத்தில் இருப்பதே மிகுதி.

முன் சக்கரம் ஒன்றைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், உதவியாளர் ஒருவரைப் பிரேக் மிதியை அழுத்தச் சொல்லி மீண்டும் ஆட்டுங்கள். இப்போது ஆட்டம் நின்றால் சக்கர பேரிங்கு தளர்ந்துள்ளது. பிரேக் பிடித்தும் ஆடினால் கிங் பின் பேரிங்கில் குறை. அதன் மூடிகளுக்கு அடியில் உள்ள மெல்லிய ஷிம் தகடுகளைக் குறைத்து இறுக்கலாம். சக்கரத்தைப் பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகளையும், முன்னச்சின் மேலே நடுவில் உள்ள பெல் கிராங்கையும் சோதித்தல் வேண்டும். கட்டணமில்லாத இச்சோதனையைச் செய்யாமலே புதிய ஸ்டியரிங் பெட்டி வாங்குவோர் பலர். இரு முன் டயர்களின் காற்று சமமாக இல்லாவிடினும் உதறல் தோன்றும் என்பதால், அதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னர்ப் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கர ஓட்டம் சேற்றுக்கும் மணலுக்கும் சரளைக்கும் உரியது. முன் அச்சும் பின் அச்சும் அப்போது ஒன்றோடொன்று நேரே பூட்டப்படுகின்றன. இடையே டிபரன்ஷியல் கிடையாது. உலர்ந்த தார்ச்சாலையின் வளைவுகளில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிகத் தூரம் உருள வேண்டியிருப்பதால், பல்சக்கரங்களுக்குள் முறுக்கம் ஏறிக்கொண்டே போகும். நெம்புகோலை விடுவிக்க முடியவில்லை என்று கொல்லரைத் தேடுவதற்கு முன், வண்டியைச் சில அடி தூரம் பின்னோக்கிச் செலுத்திப் பாருங்கள்; பெரும்பாலும் அதுவே போதும். நான்கு டயர்களும் ஒரே அளவாக இல்லாவிடில் நேரான சாலையிலும் இம்முறுக்கம் ஏறும்.

கிளம்பாத எஞ்சின்

இனி எஞ்சினுக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சின் ஓடுவதற்கு எரிபொருளும் உரிய நேரத்தில் தீப்பொறியும் வேண்டும். இவ்விரண்டில் எது இல்லை என்பதை அறியும்வரை எந்தத் திருகையும் தொடலாகாது.

முதலில் தீப்பொறி. பிளக் ஒன்றின் கம்பியைக் கழற்றி, காப்பிட்ட இடுக்கியால் பிடித்து, அதன் முனையை எஞ்சின் உலோகத்துக்குக் கால் அங்குலத் தொலைவில் வைத்து எஞ்சினைச் சுற்றச் செய்தால், நீல நிறத்தில் பளீரெனப் பொறி தாவ வேண்டும். மஞ்சளாக மெலிந்து தாவினாலோ, பொறியே இல்லாவிடினோ டிஸ்டிரிபியூட்டர் மூடியைத் திறந்து பாயிண்டைக் காணவும். வில்லிஸ் எஞ்சினில் பாயிண்டு முழுதும் திறந்த நிலையில் இடைவெளி 0.020 அங்குலம், பிளக்கின் இடைவெளி 0.030 அங்குலம். புதிய பாயிண்டும் சில நாட்களிலேயே கருகிப் போகுமாயின் கண்டன்சரை ஐயுறுதல் வேண்டும். பிளக் கம்பிகளை மாற்றிப் பூட்டிவிட்டாலும் எஞ்சின் கிளம்பாது. தீப்பொறி செல்லும் வரிசை 1-3-4-2 ஆகும்.

பொறி நன்றாக இருந்தால் எரிபொருளைச் சோதிக்கலாம். காயில் கம்பியை விலக்கிவிட்டு, கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு புட்டியில் பிடித்து எஞ்சினைச் சுற்றினால், பெட்ரோல் விட்டு விட்டுப் பீச்சி வர வேண்டும். தீப்பொறிச் சோதனையையும் இதையும் ஒரே நேரத்தில் செய்வது உயிரோடு விளையாடுவதாகும். பெட்ரோல் வராவிடில் பம்பின் கண்ணாடிக் கிண்ணத்தில் துரு அல்லது நீர் தேங்கியிருத்தலும், பம்பின் டயாபிரம் கிழிந்திருத்தலும் காரணமாகலாம். அதற்கும் முன்னால் டாங்கியின் மூடியைத் திறந்து பாருங்கள். மூடியில் காற்று புகும் சிறு துளை உண்டு. அது புழுதியால் அடைபட்டால், சிறிது தூரம் ஓடியதும் டாங்கியில் வெற்றிடம் ஏற்பட்டுப் பெட்ரோல் வரத்து நின்றுபோகும். கார்புரேட்டரையும் பம்பையும் புதிதாக வாங்கிப் போட்டபின், கடைசியில் ஒரு குண்டூசியால் தீர்ந்த பழுதுகள் பல.

கோடையில் மலை ஏறும்போது எஞ்சின் திடீரென நின்று, அரைமணி நேரம் ஆறியதும் ஏதும் நடவாததுபோல் கிளம்புவது மெக்கானிக்குகளையே ஏமாற்றும் குறை. குழாயில் பெட்ரோல் ஆவியாகி வழியை அடைப்பதாலும் இது நிகழும். சூட்டில் காயில் செயலிழப்பதாலும் நிகழும். வண்டி ஆறிய பிறகு சோதித்தால் இரண்டும் சரியாகவே தோன்றும். நின்ற அந்த நிமிடத்திலேயே தீப்பொறியைப் பார்த்தாக வேண்டும். பொறி இருந்தால் பம்பின்மீதும் குழாயின்மீதும் ஈரத் துணியைச் சுற்றுங்கள்; பொறி இல்லையேல் காயிலை மாற்றுங்கள்.

எஞ்சின் மிகச் சூடேறினால் பேன் பெல்ட் தளர்ச்சியையும், ரேடியேட்டரின் முன்புறம் அடைந்துள்ள சேறு, புல்விதைகளையும் பாருங்கள். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறப்பதும், கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த ஓடை நீரை ஊற்றுவதும் ஆகாது. முன்னது ஆளைச் சுடும், பின்னது எஞ்சின் பிளாக்கையே பிளக்கும்.

டீசல் ஜீப்பில் டாங்கி வற்றியபின் எண்ணெய் நிரப்பியும் கிளம்பாவிடில், பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்திக் கைப் பம்பை இயக்கி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை காற்றை வெளியேற்றினால் போதும்.

பிரேக்கோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய ஒன்று எஞ்சியுள்ளது. மூன்று கியர் கொண்ட பழைய ஜீப்புகளில், இறக்கத்தில் இரண்டாம் கியர் தானே நழுவி நியூட்ரலுக்கு வந்துவிடும் குறை மிகுதி. அந்நொடியில் எஞ்சினின் பிடி அற்றுப்போய், சுமை முழுவதும் அந்த ஒற்றை வழிப் பிரேக்கின்மீது விழுகிறது. கியர்ப் பெட்டியின் போல்ட்டுகளும், அதைத் தாங்கும் ரப்பர்களும் தளர்ந்துள்ளனவா என்று முதலில் பாருங்கள். பிறகு ஷிப்டர் தண்டைப் பிடிக்கும் ஸ்பிரிங்கின் வலுவைச் சோதியுங்கள். இவை சரியாக இருந்தும் நழுவினால் பல்சக்கரம் தேய்ந்துவிட்டது. பெட்டியைப் பிரித்தே ஆக வேண்டும். அது முடியும்வரை ஓட்டுநர் கியர்த் தண்டைக் கையால் பிடித்துக்கொண்டு இறங்குவதாகச் சொன்னால், அவ்வண்டியில் ஆட்களை ஏற்ற ஊரார் இசையலாகாது.