எலி சாகவில்லை என்பது மட்டும் சான்று ஆகாது
மூலிகை நச்சியல் ஆய்வகத்தில் சேருபவர்களுக்கு

எம்.ஃபார்ம் மருந்தியல், சித்தாவில் குணபாடம் முதுநிலை, கால்நடை மருத்துவம் என எதைப் படித்துவிட்டு வந்தாலும், மூலிகை எக்ஸ்ட்ராக்டின் பாதுகாப்பைச் சோதிப்பது பெரும் பொறுப்பு. உங்கள் அறிக்கையை நம்பித்தான் நாளை ஒருவர் அந்த மருந்தை விழுங்குவார்.

1. செடி எது என்று உறுதிசெய்யுங்கள்

1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில், உடல் மெலிய மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்கள் பலருக்குச் சிறுநீரகம் கெட்டது. ஸ்டெபானியா வேருக்குப் பதிலாக அரிஸ்டோலோகியா வேர் சேர்ந்திருந்தது. சீன மொழியில் இரண்டுக்கும் பெயர் நெருக்கம். நம் ஆடுதீண்டாப்பாளையும் அரிஸ்டோலோகியா பேரினம்தான். ஆகவே நாட்டு மருந்துக் கடைச் சரக்கை வாங்கி அப்படியே அரைக்காதீர்கள். தாவரவியலாளரிடம் சான்று வாங்குங்கள். மாதிரிக்கு ஹெர்பேரியம் எண் போட்டு வையுங்கள். எந்தப் பாகம், எந்தக் கரைப்பான் என்பதையும் குறியுங்கள்.

2. ஒப்புதல் வரும்வரை கூண்டைத் தொடாதீர்கள்

1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் இயங்கும், விலங்குச் சோதனைகளைக் கண்காணிக்கும் சிசிஎஸ்இஏ குழுவில் விலங்குக்கூடம் பதிவாகியிருக்க வேண்டும். நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவும் உங்கள் திட்டத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். “இத்தனை எலி எதற்கு?” என்று குழு கேட்கும். மாற்று வழி உண்டா, எண்ணிக்கையைக் குறைக்கலாமா, வேதனையைக் குறைக்கலாமா என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகளுக்கும் பதில் வைத்திருங்கள்.

3. டோஸ் கொடுக்கும் நாள்

ஒரே டோஸின் நச்சைச் சோதிக்கும் ஓஇசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) 423 வழிகாட்டியில் ஒரு படிக்கு 3 எலிகள் போதும்; பெரும்பாலும் பெண் எலிகள். கிலோவுக்கு 5, 50, 300, 2000 மி.கி. என்பவை டோஸ் படிகள். முந்தைய இரவே தீனியை எடுத்துவிடுங்கள், தண்ணீர் இருக்கட்டும். காலையில் எடை பார்த்துக் கணக்குப் போடுங்கள்: 180 கிராம் எலிக்கு 2000 மி.கி. படியில் 360 மி.கி. அதை 1.8 மி.லி.க்குள் கரைத்தால் பிசுபிசுத்த எக்ஸ்ட்ராக்ட் கூழாகி, வாய்வழி மருந்து செலுத்தும் ஊசியை அடைக்கும். முதல் நாளே கலந்து, ஊசியில் ஓட்டிப் பாருங்கள்.

வாய்வழி ஊசி தடுத்தால் அழுத்தாதீர்கள். வெளியே எடுத்து மறுபடி செலுத்துங்கள். மருந்து நுரையீரலுக்குள் போனால் எலி செத்துவிடும், பழி மூலிகை மேல் விழும்.

முதல் நான்கு மணி நேரம் கவனம் சிதறக் கூடாது. பிறகு 14 நாள், தினமும் பாருங்கள்: மயிர் சிலிர்ப்பு, நடுக்கம், எச்சில் வடிதல், பேதி, சோர்வு. கடும் வேதனைப்படும் விலங்கைச் சாகும்வரை காக்க வைக்காதீர்கள். விதிப்படி வலியின்றி முடித்து, அதையும் பதியுங்கள்.

4. 14 நாளில் தெரியாதது

பெல்ஜியத்துப் பெண்கள் ஒரே வேளை மருந்தில் நோயாளி ஆகவில்லை, மாதக்கணக்கில் சாப்பிட்டார்கள். தினசரி மருந்து என்றால் 28 நாள் (ஓஇசிடி 407), 90 நாள் (408) சோதனைகள் தேவை. 90 நாளில் ஒரு குழுவுக்கு 10 ஆண், 10 பெண் எலிகள். ரத்தத்தில் ஏஎல்டி, கிரியாட்டினின், பிறகு உறுப்பு எடை, திசு ஆய்வு எல்லாம் இதில் வரும். கர்ப்பம், மரபணுச் சேதம், புற்றுநோய்க்குத் தனிச் சோதனைகள் உண்டு.

5. அறிக்கை

“நச்சற்றது” என்று எழுதாதீர்கள். “இந்த எக்ஸ்ட்ராக்ட், இந்த அளவில், பெண் எலிகளில், 14 நாளில் மரணம் இல்லை” என்று கண்டதை மட்டும் எழுதுங்கள். பிழையை ஒற்றைக் கோட்டால் அடித்து, கையெழுத்தும் தேதியும் இடுங்கள். வெள்ளை மை பூசாதீர்கள்.

6. வேலை

ஜிஎல்பி (நல்ல ஆய்வக நடைமுறை) சான்று பெற்ற இந்திய ஆய்வகங்களைத் தேடுங்கள். 2011 முதல் அவற்றின் தரவை ஓஇசிடி நாடுகளும் ஏற்கின்றன. நேர்காணலுக்குப் போகும்போது உங்கள் ஆய்வின் மூலப் பதிவேட்டை எடுத்துச் செல்லுங்கள். வேண்டாத முடிவையும் மறைக்காமல் எழுதியவர்தான் இந்தத் துறைக்குத் தேவை.