கரை ஒதுங்கிய திமிங்கிலத்தைத் திருப்பி அனுப்புவது எப்படி?

மீன் கரையில் விழுந்தால் மூச்சு முட்டி இறந்துவிடும். நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைத்தான் அதன் செவுள்கள் எடுத்துக்கொள்ள முடியும். ஆனால் திமிங்கிலம் மீன் அன்று. நம்மைப் போலவே நுரையீரலால் சுவாசிக்கும் பாலூட்டி அது. அப்படியானால், காற்று நிறைந்த கரையில் அது ஏன் உயிருக்குப் போராடுகிறது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால்தான் அதைக் கடலுக்குத் திருப்பி அனுப்பும் முறையும் விளங்கும்.

2016 ஜனவரி 11 அன்று தூத்துக்குடி மாவட்டத்தில் மணப்பாடு, கல்லாமொழி கடற்கரைப் பகுதியில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் கரை ஒதுங்கத் தொடங்கின. மீனவர்களும் அரசுத் துறையினரும் படகுகளில் கட்டி இழுத்துப் பலவற்றைக் கடலுக்குள் விட்டனர். அவற்றுள் சில மறுபடியும் கரைக்கே வந்தன. 40க்கும் மேற்பட்டவை இறந்தன. 1973 ஜனவரியிலும் இதே மன்னார் வளைகுடாக் கரையில் 147 பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதுண்டு.

நீர் தாங்கிய எடை

2,000 கிலோகிராம் நிறையுள்ள ஒரு திமிங்கிலத்தை எடுத்துக்கொள்வோம். அதன் அடர்த்தி ஏறத்தாழக் கடல்நீரின் அடர்த்தியே; அதாவது கன மீட்டருக்கு 1,025 கிலோகிராம். எனவே அதன் கன அளவு சுமார் 1.95 கன மீட்டர். ஆர்க்கிமிடீஸ் தத்துவப்படி, அது விலக்கும் கடல்நீரின் எடைக்குச் சமமான விசை அதை மேல்நோக்கித் தாங்குகிறது. கடலில் அதன் எடை முழுவதும் தாங்கப்பட்டுவிடுகிறது. கரையிலோ அது விலக்குவது காற்றை. 1.95 கன மீட்டர் காற்றின் நிறை இரண்டரைக் கிலோகிராம்கூட இல்லை. மீதி எடை முழுவதையும் அதன் வயிறும் மார்பும் சுமக்க வேண்டியிருக்கிறது.

இதை நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு பலூனில் நீரை நிரப்பி வாயைக் கட்டுங்கள். அதை வாளி நீருக்குள் விட்டால் உருண்டையாக இருக்கும். மேசைமீது வைத்தால் அடிப்புறம் தட்டையாகிவிடும். திமிங்கிலத்தின் உடலும் இப்படித்தான் அழுந்துகிறது. ஒவ்வொரு மூச்சுக்கும் அது தன் மார்பைச் சிரமப்பட்டு விரிக்க வேண்டும். அழுந்திய தசைகளில் இரத்த ஓட்டம் குறைந்து அவை பழுதடைகின்றன.

உருவம் பெரிதாக இருப்பதும் இங்கே ஒரு கேடு. ஒரு விலங்கின் நீளம் 10 மடங்கானால், அதே வடிவத்தில் பரப்பு 100 மடங்கும் எடை 1,000 மடங்கும் ஆகும். ஆகவே, தரையைத் தொடும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அழுத்தம் 10 மடங்காகிறது.

நீர் தந்த குளிர்ச்சி

நீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் நன்றாக வெப்பத்தைக் கடத்தும். ஆகவே கடலில் உடல் சூடு வீணாகாமல் தடுக்கத் திமிங்கிலத்தின் தோலுக்கடியில் தடித்த கொழுப்புப் படலம் உண்டு. கரையில், நம் ஊர் வெயிலில், அதே படலம் கழற்ற முடியாத கம்பளியாகிவிடுகிறது. உடல் சூடு வெளியேற உதவுபவை துடுப்புகளும் வாலும்தாம். எனவே அவற்றை நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். தலையின் மேலுள்ள மூச்சுத்துளைக்குள் மட்டும் நீரோ மணலோ போகக்கூடாது.

எதிரொலி காட்டிய வழி

பைலட் திமிங்கிலம் ஆழ்கடல்வாசி. ஒலி எழுப்பி, எதிரொலியைக் கேட்டு வழி அறிகிறது. கடல்நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். எதிரொலி 0.2 நொடியில் வந்தால் தடை எவ்வளவு தூரத்தில் உள்ளது? ஒலி போய்த் திரும்புவதால், 150 மீட்டர். செங்குத்தான பாறையிலிருந்து எதிரொலி தெளிவாகத் திரும்பும். மெல்லச் சரியும் மணற்கரையிலிருந்து அது சிதறி மங்கிவிடும். கூட்டம் கூட்டமாகக் கரை ஒதுங்குவதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் இதுவும் ஒன்று.

இன்னொன்று அவற்றின் பாசம். ஒன்று துன்பக்குரல் எழுப்பினால் மற்றவை அதை விட்டு அகலமாட்டா. கரையில் கூட்டம் கிடக்கும்போது ஓரிரண்டை மட்டும் ஆழமற்ற நீரில் விட்டால் அவை திரும்பி வருவதில் வியப்பில்லை. தவிர, நெடுநேரம் சம்மணமிட்டு இருந்து எழுந்தால் நம் கால் மரத்துத் தள்ளாடுவதில்லையா? அதுபோல் அவற்றுக்கும் தசைகள் மரத்து உடனே நீந்த முடிவதில்லை. நீரில் நேராகப் பிடித்து, சற்று நேரம் நிலைகொள்ளச் செய்தபின், ஒன்றாகச் சேர்த்து ஆழப்பகுதிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

2020 நவம்பர் 2 அன்று இலங்கையின் பாணந்துறைக் கரையில் 100க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கின. கடற்படையினரும் கடலோரக் காவல்படையினரும் பொதுமக்களும் இரவு முழுதும் பாடுபட்டு, பெரும்பாலானவற்றை மறுநாள் காலைக்குள் கடலுக்கு அனுப்பினர். இறந்தவை ஒரு சிலவே. ஏராளமான கைகள் விரைவில் சேர்ந்தது அங்கே பேருதவியாயிற்று.

நம் கரையில் என்ன செய்வது?

நியூசிலாந்தின் ஃபேர்வெல் ஸ்பிட் பகுதியில் 2017 பிப்ரவரியில் 400க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. அங்கே ஓதத்தின்போது நீர்மட்டம் மூன்று மீட்டர் அளவுக்கு உயரும். அந்த நீரே விலங்குகளை மிதக்கவைக்க உதவும். சென்னைக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. ஆகையால் கடல் வந்து தூக்கட்டும் என்று நாம் காத்திருக்க முடியாது. ஆட்களும் படகுகளும் விரைவில் வந்தாக வேண்டும்.

மீஞ்சூர் மாணவர்களுக்குக் காட்டுப்பள்ளியும் பழவேற்காடும் பக்கத்துக் கடற்கரைகள். அங்கே திமிங்கிலமோ ஓங்கிலோ உயிருடன் ஒதுங்கியிருக்கக் கண்டால், முதலில் பெரியவர்கள் மூலம் வனத்துறைக்கும் கடலோரக் காவல்படைக்கும் தெரிவியுங்கள். மீனவர்களை அழையுங்கள். வாலுக்கு அருகில் நிற்காதீர்கள். ஓர் அடியில் எலும்பு முறியும். வாலையோ துடுப்பையோ பிடித்து இழுக்க எவரையும் விடாதீர்கள், மூட்டுகள் பிசகிவிடும். கூட்டம் நெருங்காமல் விலக்குங்கள். உதவி வரும்வரை, பெரியவர்கள் துணையோடு ஈரத்துணியை முதுகில் போர்த்தி, மூச்சுத்துளையை மூடாமல் நீர் தெளித்துக்கொண்டிருங்கள். அது மூச்சுவிடும் நேரங்களைக் கடிகாரம் பார்த்துக் குறித்து வையுங்கள். வந்து சேரும் கால்நடை மருத்துவர் முதலில் கேட்பது அந்தக் குறிப்பாகவே இருக்கலாம்.