துணைக் கேள்விக்குத் தயாராகிவிட்டீர்களா?

மாதாந்தர ரிவ்யூ மீட்டிங். உங்கள் பிரிவின் கணக்கைச் சரளமாகச் சொல்லி முடிக்கிறீர்கள். எதிரே இருக்கும் ஃபைனான்ஸ்காரர் தலை நிமிர்ந்து, "சரி, போன காலாண்டில் இதே எவ்வளவு இருந்தது? ஏன் குறைந்தது?" என்கிறார். அங்கேதான் பலருக்கும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. எதிர்பார்த்த கேள்வியில் யாரும் தடுமாறுவதில்லை. அதன் வாலைப் பிடித்து வரும் கேள்விதான் ஆளைச் சாய்க்கிறது.

இப்படிப்பட்ட கேள்விகளைச் சமாளிப்பதையே பிழைப்பாகச் செய்கிறவர்கள் டெல்லியில் இருக்கிறார்கள். கூட்டத்தொடர் நடக்கும் நாட்களில் மக்களவையில் காலை 11 முதல் 12 மணி வரை கேள்வி நேரம். மாநிலங்களவையில் பகல் 12 முதல் 1 வரை. 2014இல்தான் அங்கே இந்த நேரத்துக்கு மாற்றினார்கள். டி.வி.யில் நம் கண்ணில் படுவது கூச்சலும் வெளிநடப்பும்தான். அதைத் தள்ளிவிட்டு, பதில் சொல்லும் அமைச்சருக்குப் பின்னால் நடக்கும் வேலையைப் பாருங்கள். அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறவர்களுக்கு அதில் நிறையச் சரக்கு இருக்கிறது.

மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள். இவற்றுக்கு அமைச்சர் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். நட்சத்திரக் குறி இல்லாதவை 230. அவற்றுக்கு எழுத்தில் பதில் வந்தால் போதும், அதற்கு மேல் அங்கே கேட்க முடியாது. கேள்வி குறைந்தது 15 நாள் முன்பே கொடுக்கப்பட்டுவிடும். எந்த அமைச்சகத்துக்கு எந்தக் கிழமை என்பதும் தெரியும். வினாத்தாளைக் கையில் கொடுத்துவிட்டு நடத்தும் பரீட்சை என்றே சொல்லலாம். அப்படியும் அமைச்சர்களுக்கு வியர்க்கிறது என்றால், காரணம் துணைக் கேள்வி. அச்சிட்ட பதில் அவை மேசைக்கு வந்தபின், கேட்ட உறுப்பினர் எழுந்து அந்தப் பதிலிலிருந்தே அடுத்த கேள்வியை உருவுவார். அவர் உட்கார்ந்ததும் எதிர்வரிசையிலிருந்து இன்னொருவர். இவற்றுக்கு முன்னறிவிப்பு கிடையாது.

அதனால் ஒவ்வொரு நட்சத்திரக் கேள்விக்கும் அமைச்சகத்தில் இரண்டு தாள்கள் தயாராகும். ஒன்று பதில். மற்றொன்று துணைக் கேள்விகளுக்கான குறிப்பு, கனம் இதில்தான். மாநிலவாரிப் பட்டியல், முந்தைய ஆண்டுகளின் கணக்கு, இதே விஷயத்தில் அவையில் ஏற்கெனவே சொன்ன பதில்கள், வழக்கு இருந்தால் அதன் நிலை, இப்படிக் கேட்டால் இப்படிச் சொல்லலாம் என்ற வரிசை. உங்கள் அடுத்த மீட்டிங்குக்கும் இதையே செய்யுங்கள். ஸ்லைடு போடுவதற்கு ஒரு மணி நேரம் செலவிட்டால், அந்த ஸ்லைடில் என்னென்ன ஓட்டை என்று எதிராளியின் நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க இரண்டு மணி நேரம் வையுங்கள். முன்பு நீங்களே சொன்னதை மறக்காமல் எடுத்துப் பாருங்கள். ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று என்று பேசி மாட்டிக்கொள்வதைப் போல அவமானம் வேறில்லை.

கேட்பவர் யார் என்பதும் பாதி விடை. பொள்ளாச்சி உறுப்பினர் தென்னை விவசாயிகள் பற்றிக் கேட்டால், தேசியக் கணக்கு அவருக்குக் காதிலேயே ஏறாது. பொள்ளாச்சிக்கு என்ன செய்தீர்கள் என்பதுதான் வேண்டும். விவரம் தெரிந்த அதிகாரிகள் கேட்பவரின் தொகுதிக் கணக்கையும் குறிப்பில் சேர்த்துவிடுவார்கள். உங்கள் மேஜையைச் சுற்றியும் தொகுதிகள் உண்டு. சேல்ஸ்காரருக்கு டெலிவரி தேதி, எச்.ஆருக்கு ஆள் கணக்கு, எம்.டி.க்குப் பணம் எப்போது வரும் என்பது.

அவையில் அதிகாரிகளுக்கென்று ஒரு மாடம் இருக்கிறது. துறை அதிகாரிகள் அங்கே காத்திருப்பார்கள். கையில் இல்லாத புள்ளிவிவரத்தை யாராவது கேட்டால் அங்கிருந்து ஒரு துண்டுச் சீட்டு அமைச்சருக்குப் போகும். இதில் யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை. நம் ஊர் மேனேஜர்களோ, அந்த எக்ஸெல் ஷீட்டைப் போட்ட பெண்ணை வெளியே உட்கார வைத்துவிட்டு, உள்ளே தனியாகப் போய்த் திணறுவார்கள். அவளுக்குப் பெயர் கிடைத்துவிடுமோ என்ற பயம்! அழைத்துப் போங்கள். "இதை அவரே சொல்வார்" என்று விட்டுக்கொடுக்கிறவரைத்தான் மேலிடம் நம்புகிறது.

வேறு வழியே இல்லாதபோது நாம் சொல்வது, "பார்த்துச் சொல்கிறேன் சார்." மீட்டிங் முடிந்ததும் அது காற்றோடு போய்விடும் என்ற நம்பிக்கை. நாடாளுமன்றத்தில் போகாது. "பரிசீலனையில் உள்ளது", "விசாரிக்கிறேன்", "தகவல் திரட்டப்படுகிறது" போன்ற சொற்றொடர்களை உறுதிமொழி என்றே கணக்கில் எடுத்துக்கொள்ள ஒரு பட்டியலே இருக்கிறது. அமைச்சர் வாயிலிருந்து அப்படி ஒன்று விழுந்தால், அது பதிவாகிவிடும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும். முடியாவிட்டால் காரணம் சொல்லி அவகாசம் கேட்க வேண்டும். இதைத் துரத்துவதற்கென்றே மக்களவையில் 1953 முதல் அரசு உறுதிமொழிக் குழு இயங்குகிறது. தமிழக சட்டமன்றத்திலும் அதே பெயரில் ஒரு குழு உண்டு. மாவட்டம் மாவட்டமாகப் போய், சொன்னது நடந்ததா என்று பார்க்கிறது. ஆண்டுக்கணக்கில் நிலுவையில் கிடக்கும் உறுதிமொழிகளும் இருக்கின்றன என்பது வேறு விஷயம். ஆனால் அவை நிலுவையில் இருப்பதாவது எழுத்தில் இருக்கிறது.

உங்களுக்கு நீங்களே அந்தக் குழு. மீட்டிங்கில் வாய்விட்ட ஒவ்வொரு "பார்க்கிறேன்"னையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கேட்டவர் நினைவூட்டும் முன் பதில் அவர் மெயிலில் இருக்கட்டும். இரண்டு முறை இப்படிச் செய்தால் போதும், மூன்றாவது முறை உங்களை அங்கேயே நெருக்க மாட்டார்கள்.

தகவல் இல்லை என்று சொல்வதிலும் பக்குவம் வேண்டும். 2020 செப்டம்பர் கூட்டத்தொடரில் கொரோனாவைக் காரணம் காட்டிக் கேள்வி நேரத்தை ரத்து செய்துவிட்டு, எழுத்துப் பதில்களை மட்டும் அனுமதித்தார்கள். ஊரடங்கில் இறந்த புலம்பெயர் தொழிலாளர்கள் எத்தனை பேர் என்ற கேள்விக்குத் தொழிலாளர் அமைச்சகம், அப்படியொரு கணக்கு வைத்திருக்கவில்லை என்று பதில் தந்தது. நாடு முழுவதும் கொந்தளிப்பு. கணக்கு இல்லாமல் இருப்பது ஒரு குற்றம். அதை ஒற்றை வரியில் சொல்லிவிட்டு நகர்வது இன்னொன்று. இருப்பது எது, இல்லாதது எது, எப்போது கிடைக்கும் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாத பதில் பதிலே அல்ல.

இனி, கீழே இருப்பவர் மேல் பழியைப் போடும் கலை. இங்கே டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் கதையைச் சொல்லியாக வேண்டும். சென்னைக்காரர், நேரு அமைச்சரவையில் நிதியமைச்சர், பேச்சிலும் கணக்கிலும் கெட்டிக்காரர். 1957இல் எல்.ஐ.சி. நிறுவனம் ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. இது பற்றி அவையில் கேள்வி எழுந்தது. திருப்தியான பதில் வரவில்லை. மறுபடி கேட்டார்கள். விடாப்பிடியாகத் துருவியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. காங்கிரஸ் உறுப்பினரும் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. கடைசியில் பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சாக்ளாவிடம் விசாரணை போயிற்று. வெளிப்படையாக, பொதுமக்கள் முன்னிலையில் நடந்த விசாரணை. செயலாளர் செய்தார், எனக்குத் தெரியாது என்ற வாதம் எடுபடவில்லை. துறையில் நடந்ததற்கு அமைச்சரே பொறுப்பு என்றார் சாக்ளா. 1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார்.

ஆக, கடினமான கேள்வி எதிர்முகாமிலிருந்துதான் வரும் என்று நினைத்து, உங்கள் பக்கத்து நாற்காலிக்காரரை மறந்துவிடாதீர்கள். முதல் கேள்விக்கே முழுதாகச் சொல்லியிருந்தால் முடிந்திருக்கக்கூடியதை, நழுவல் பதில்கள் ஊதிப் பெருக்கிவிடும். மேனேஜர் என்ற போர்டு மாட்டிக்கொண்டு "டீம் பண்ணின தப்பு" என்று சொன்னால், கேட்பவர் மனசில் உங்கள் மேல்தான் முதலில் கோடு விழும். கிருஷ்ணமாச்சாரி பிறகு அமைச்சரவைக்குத் திரும்பி, 1963இல் மீண்டும் நிதியமைச்சரே ஆனார். பதவி விலகியவருக்கு அந்த வாசல் திறந்தே இருந்தது.

குத்தல் கேள்விகளுக்கு ஒரு வார்த்தை. வாதம், எள்ளல், பழிச்சொல் கலந்த கேள்விகளை மக்களவை விதிகள் அனுமதிப்பதில்லை. அனுமானக் கேள்விக்கும் இடமில்லை. உங்கள் அலுவலகத்தில் சபாநாயகர் இல்லையே. அதனால் அந்த வடிகட்டும் வேலையை நீங்களே செய்யுங்கள். "உங்க ஆளுங்க தூங்கினதாலதானே ஆர்டர் போச்சு?" என்றால், தூக்கத்தை விட்டுவிட்டு ஆர்டருக்கு மட்டும் பதில் சொல்லுங்கள். தேதி, தொகை, காரணம். முடிந்தது.

சுருக்கமாகவும் சொல்லுங்கள். நீட்டி முழக்குவதால் பல நாட்களில் 20 கேள்விகளில் பாதியைக்கூட அவை எட்டுவதில்லை. 2019 நவம்பர் 27 அன்று இருபதும் எடுத்துக்கொள்ளப்பட்டபோது, 1972க்குப் பிறகு இதுவே முதல்முறை என்று அதுவே செய்தியாயிற்று.

இரு அவைகளின் கேள்விகளும் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. உங்கள் தொழிலோடு தொடர்புள்ள அமைச்சகத்தின் பதில் ஒன்றை இன்று எடுத்துப் படியுங்கள். நீங்கள் எதிர்வரிசையில் இருந்தால் அதிலிருந்து என்ன துணைக் கேள்வி கேட்பீர்கள் என்று ஐந்து எழுதுங்கள். பிறகு உங்கள் அடுத்த மீட்டிங்குக்கான அறிக்கையை எடுத்து, அதற்கும் ஐந்து எழுதுங்கள்.