‘கேன், கேன்’ என்பது தப்பா?

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். சிங்கப்பூரிலிருந்து லீவில் வந்திருக்கும் என் தம்பி வாயைத் திறந்தால் ‘லாங் டைம் நோ சீ’, ‘கேன், கேன்’தான். பிள்ளைகளும் பிடித்துக்கொண்டார்கள். எழுவாய் எங்கேடா என்று கேட்டால், “அங்க எல்லாரும் இப்படித்தான்க்கா பேசுறாங்க” என்கிறான். இது தப்பில்லையா?
- வாசகி, மீமிசல்

பதில்: தம்பி சொல்வது உண்மைதான். அதைத் தப்பு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை.

‘லாங் டைம் நோ சீ’யில் பார்த்தது யார் என்பதே இல்லை; ‘நோ’ வரக்கூடாத இடத்தில் வந்திருக்கிறது. ஆனால் சீனத்தில் இதே பொருளுக்கு ‘ஹாவ் ஜியு பு ஜியென்’ என்பார்கள். ‘ரொம்ப நாள், இல்லை, பார்க்க’ என்ற அதே வரிசை. அதிலிருந்து வந்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. அமெரிக்கப் பழங்குடியினரின் ஆங்கிலத்திலிருந்து வந்தது என்பாரும் உண்டு. எப்படியானாலும், வேற்றுமொழிக்காரர்கள் பேசிய ஆங்கிலத்தை ஆங்கிலேயரே எடுத்துக்கொண்டார்கள்.

‘கேன்’ விஷயமும் அப்படியே. மலாயில் ‘முடியும்’ என்பதற்கு ‘போலே’ என்ற ஒரு சொல்லே முழுப் பதில். நாமும் “முடியுமா?” என்றால் “முடியும்” என்கிறோம், “என்னால்” என்று சேர்ப்பதில்லை. சிங்கப்பூர்ப் பேச்சுக்கும் ஒழுங்கு இருக்கிறது. ‘கேன் ஆ?’ என்றால் கேள்வி, ‘கேன் லா’ என்றால் உறுதி. ‘லா’வை வாக்கியத்தின் முதலில் வைத்துப் பேசச் சொல்லுங்கள், தம்பியே சிரித்துவிடுவார்.

தப்பாகத் தோன்றுவது பேசிப் பேசி வழக்காகிவிடும்; ஏட்டு ஆங்கிலமும் இந்த வழியில் வந்ததுதான். ஒரே ஆளைப் பார்த்து ‘யூ ஆர்’ என்கிறோமே, அது பன்மை. ஒருமைக்கு ‘தௌ’ என்று தனிச்சொல் இருந்தது. மரியாதைக்காக ஒருவரையே பன்மையில் அழைத்து அழைத்து, ‘தௌ’ வழக்கொழிந்தது. ‘அவர் வந்தார்’ என்று நாம் சொல்வதும் இதே கதை. ‘அவர்’ பலர்பால். ஒருவரைப் பன்மையால் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறி அன்று என்று தொல்காப்பியர் எழுதியே வைத்திருக்கிறார். நாமோ அதற்கு மேலும் ஒரு ‘கள்’ போட்டு ‘அவர்கள்’ ஆக்கிவிட்டோம்!

மீமிசல் கடைத்தெருவில் நின்றபடி போனில் “இந்தா வந்துட்டேன்” என்பவர் இன்னும் கிளம்பியே இருக்கமாட்டார். வரப்போவதை வந்ததாகச் சொல்கிறார். விரைவைக் காட்ட அப்படிச் சொல்லலாம் என்பதற்கும் தொல்காப்பியத்தில் விதி உண்டு. குற்றம்தான், ஆனால் ஏற்றுக்கொண்ட குற்றம். வழுவமைதி என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறோம்.

ஆனாலும் பரீட்சையில் ‘யெஸ், ஐ கேன்’ என்று எழுதினால்தான் மார்க். அதில் விட்டுக்கொடுக்காதீர்கள். சிங்கப்பூர் அரசே 2000-இல் நல்ல ஆங்கிலம் பேசும் இயக்கத்தைத் தொடங்கியது. அலுவலகக் கடிதத்தில் ‘கேன் லா’ அங்கும் செல்லாது. கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, தம்பி பேசுவதை ஒரு பக்கமும் பரீட்சைக்கு எழுதவேண்டியதை மறுபக்கமும் பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள்.