நிரல் திருத்தமும் சோதனையும்

கணிப்பொறி நிரல் ஒன்றில் பிறர் செய்த திருத்தத்தை ஏற்பதற்கு முன் அதனை ஆராய்தல் இன்றியமையாதது. நிரல் எழுதப்பெற்ற மொழியின் பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் அது இயங்க வேண்டுமாயின் இப்பணி மேலும் கடினமாகின்றது.

கொல்கத்தாவின் அலிப்பூரில், பெல்வெடேர் வளாகத்தில் தேசிய நூலகம் அமைந்துள்ளது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகள் இங்கு அனுப்பப்பெறல் வேண்டும். தமிழ் நூல்களும் இவற்றுள் அடங்கும். இத்தகைய நூலகத்தின் அட்டவணைக்கென ஒரு நிரல் எழுதப்படுவதாகவும், தலைப்பின் எழுத்துகளை எண்ணுதல் அதன் வேலைகளுள் ஒன்று எனவும் கொள்வோம்.

‘அலிப்பூர்’ என்னும் சொல்லில் அ, லி, ப், பூ, ர் என ஐந்து எழுத்துகள் உள்ளன. யூடிஎஃப்-8 முறையில் எழுதிய இச்சொல்லின் நீளத்தைப் பைத்தான் மொழியின் 2ஆம் பதிப்பிடம் கேட்டால், அது சாதாரணமாக 27 என விடை தரும். 2008இல் வெளிவந்த 3ஆம் பதிப்போ 9 என்னும். முன்னது பைட்டுகளின் தொகை; பின்னது யூனிக்கோடு குறிகளின் தொகை. துணைக்குறிக்கும் புள்ளிக்கும் யூனிக்கோட்டில் தனியிடம் உண்டு. இச்சொல்லின் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகளைக் கொள்ளும்.

27ஐ எதிர்பார்த்து எழுதிய சோதனை புதிய பதிப்பில் தோல்வியுறும். அப்போது, பழையதற்கு 27, புதியதற்கு 9 என இரு விடைகளை எழுதிவிடுதல் எளிய வழி. சோதனை இரண்டிலும் வெற்றி பெறும். நிரலின் பிழை மட்டும் அப்படியே இருக்கும். தலைப்பை நான்கு எழுத்தளவில் நறுக்கச் சொன்னால் 3ஆம் பதிப்பு ‘அலிப’ என்றே தரும். அடுத்த குறியாகிய புள்ளி வெட்டுண்டு போகும். இத்தகைய திருத்தத்தை ஆய்வாளர் திருப்பி அனுப்புதலே முறை.

கோப்பைப் படிக்கும்போதே பைட்டுகளை யூனிக்கோடாக மாற்றிக்கொண்டு, துணைக்குறியையும் புள்ளியையும் முந்திய மெய்யோடு சேர்த்து எண்ணினால் இரு பதிப்புகளிலும் 5 கிடைக்கும். க்ஷ என்பது ஓரெழுத்தா, இரண்டா என்பதைப் பொறி தீர்மானிக்க இயலாது. மனிதர் முடிவுசெய்து சோதனையில் எழுதிவைக்க வேண்டும்.

பதிப்புக்குப் பதிப்பு விடை வேறுபடுதல் நியாயமான இடமும் உண்டு. முந்திரி எனப்படும் 1/320 பின்னத்தின் குறி, 2019இல் யூனிக்கோடு 12ஆம் பதிப்பில் சேர்ந்தது. பைத்தான் 3.7இலுள்ள குறிப்பட்டியல் அதற்கு முற்பட்டது. ஆகவே அக்குறியின் பெயரைக் கேட்டால் பிழை என்னும். 3.8 பெயரைச் சரியாகக் கூறும். இங்கு 3.7இல் மட்டும் சோதனையைத் தவிர்க்கலாம். காரணத்தை அருகிலேயே குறித்தல் வேண்டும். 3.7க்கான ஆதரவு 2023 ஜூனில் முடிந்துவிட்டமையால், அப்பதிப்பைக் கைவிட்ட நிரல்களில் இத்தவிர்ப்பையும் நீக்கிவிடலாம்.