ஏறாவூரைத் தேடினால் கிடைக்க: தமிழ்த் தட்டச்சுக் குறிப்புகள்

கல்குடாப் பக்கம் விண்ணப்பம், சங்கக் கடிதம், கோயில் அறிவித்தல் எல்லாம் இப்போது வீட்டுக் கணினியிலும் கைபேசியிலும்தான் எழுதப்படுகின்றன. திரையில் எழுத்து அழகாகத் தெரிந்தால் போதும் என்று விட்டுவிட வேண்டாம். கணினி சேமித்து வைப்பது எழுத்தின் உருவத்தை அல்ல, அதன் எண்ணை. யூனிகோடில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை இடம் உண்டு. க 2965, ர 2992, அரவு (துணைக்கால்) 3006, புள்ளி 3021. எண் பிழைத்தால் பெயர் தேடலில் அகப்படாது.

1. முதலில் ‘ஏறாவூர்’ என்பதன் கடைசி எழுத்தைப் பாருங்கள். பாமினி எழுத்துருவில் பழகிய பலர் ‘ர்’ வேண்டிய இடத்தில் அரவையும் புள்ளியையும் அடிப்பார்கள். கடதாசியில் வித்தியாசமே தெரியாது. அதே கோப்பை யூனிகோடுக்கு மாற்றும்போது 2992 இருக்க வேண்டிய இடத்தில் 3006 வந்துவிடும். பிறகு ஒருவர் ஊர்ப் பெயரைச் சரியாக எழுதித் தேடினாலும் அந்தக் கோப்பு வராது. அரவின் மேல் புள்ளி வைக்கும் சொல் தமிழில் கிடையாது. ஆகவே, தேடி மாற்றும் வசதியில் ‘ா்’ என்பதை ‘ர்’ என்று ஒரேயடியாக மாற்றிவிடலாம். எந்தச் சொல்லும் கெடாது. மாணவர் பட்டியல், அங்கத்தவர் பட்டியல் வைத்திருப்பவர்கள் இதை இன்றே செய்வது நல்லது.

2. பாமினியில் எழுதியதை அப்படியே மின்னஞ்சலில் ஒட்டி அனுப்பாதீர்கள். அந்த எழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடத்தில்தான் தமிழைப் பொருத்தியிருக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் ‘கல்குடா’ என்பது எஃப், வை, அரைப்புள்ளி, பெரிய எஃப், எல், எச் என்று தெரியும். யூனிகோடுக்கு மாற்றியே அனுப்புங்கள். மாற்றும்போது தமிழ்ப் பகுதியை மட்டும் தெரிவுசெய்யுங்கள். இடையில் உள்ள ஆங்கிலத்தையும் சேர்த்தால் அது குழம்பிவிடும்.

3. ‘மௌலவி’, ‘கௌரி’ போன்ற பெயர்களில் ஔகாரக் குறியைத்தான் இட வேண்டும். ‘மெ’ எழுதிப் பக்கத்தில் ‘ள’ போட்டால் கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும். அகரவரிசையில் வேறிடம் போய்விடும். வேர்டில் ‘மௌ’ எழுத்தையடுத்துச் சுட்டியை வைத்துப் பின்னழி விசையை ஒரு தடவை தட்டுங்கள். ‘ம’ மிஞ்சினால் சரி, ‘மெ’ மிஞ்சினால் பிழை.

4. ‘ஸ்ரீ’க்கு இரண்டு வழி உண்டு: ‘ஸ்’ உடன் ‘ரீ’, அல்லது 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ்’ உடன் ‘ரீ’. இரண்டும் ஒரே வடிவமாகத் தெரியலாம், தேடலில் வெவ்வேறு. ஒரு பட்டியலுக்கு ஒரே வழியைப் பின்பற்றுங்கள்.

5. பாசிக்குடாவில் அறை வாடகைப் பலகை எழுதுபவர்கள் ₹ போட வேண்டாம். அது 2010இல் இந்தியா தன் நாணயத்துக்கு ஏற்றுக்கொண்ட குறி. ‘ரூ.’ என்றாலே எல்லோருக்கும் விளங்கும். பழைய தமிழ்க் கணக்குக் குறியான ௹ எனக்கு மிகவும் பிடித்தது. 2003 முதல் யூனிகோடில் இருக்கிறது. வேர்டில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண் விசைகளில் 3065 அடித்தால் வரும். அழைப்பிதழுக்கான ஆண்டுக் குறி ௵ 3061, மாதக் குறி ௴ 3060, நாள் குறி ௳ 3059. கைபேசியில் அடிக்கடி தேவைப்பட்டால், விசைப்பலகையின் சொந்த அகராதியில் ஒரு குறுக்குச் சொல்லோடு சேமித்துவிடுங்கள்.

6. குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 இடம், தமிழுக்கு 70. உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனியே எண்ணப்படும். ‘வாழைச்சேனை’ நமக்கு ஐந்து எழுத்து, தொலைபேசிக்கு 10. எழுபதைத் தாண்டினால் இரண்டு செய்தியாகக் கணக்காகும். எனவே பாடசாலைக் கூட்ட அறிவித்தலில் இடம், திகதி, நேரம் மூன்றும் போதும்.

7. எழுத்துக்குப் பதில் வெறும் கட்டங்கள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எழுத்துருதான் இல்லை. கேள்விக்குறிகளாகவே வந்தால் சேமிக்கும்போதே எழுத்து அழிந்திருக்கலாம். மூலக் கோப்பைத் திறந்து ‘யூ.டி.எஃப்-8’ என்று தெரிவுசெய்து மறுபடி சேமியுங்கள். எக்செல் பட்டியலைச் சி.எஸ்.வி. ஆக்கும்போதும் இதே தெரிவுதான்.