மருந்தடித்த கீரையை எப்போது பறிக்கலாம்?

"மருந்தடிச்சு ரெண்டு நாளாச்சு, மழையும் பெய்ஞ்சிட்டுது, இனிப் பறிக்கலாம்தானே?" என்று நினைப்பவர்கள் நம்மில் பலர். கலவானப் பக்கத்தில் மழைக்கா பஞ்சம்! ஆனால் மழை, இலைமேல் ஒட்டிய மருந்தில் ஒரு பங்கைத்தான் கழுவும். வெயிலும் சூடும் இலையின் வளர்ச்சியும் சேர்ந்தே மிச்சத்தைக் குறைக்கின்றன. பொலித்தீன் கூடாரத்துக்குள் மழை படாது, வெயிலும் குறைவு. ஆகவே அங்கே மருந்து பெரும்பாலும் கூடுதல் நாள் தங்கும்.

இதை எப்படி அளக்கிறார்கள்? மருந்தடித்த அன்றும், பிறகு சில நாள் இடைவிட்டும் கீரையைப் பறித்து, ஆய்வுகூடத்தில் அரைத்து, ஒரு கிலோவில் எத்தனை மில்லிகிராம் மருந்து என்று பார்ப்பார்கள். அது பாதியாகக் குறையும் காலமே 'அரை ஆயுள்'.

ஒரு கணக்குப் போடுவோம். அரை ஆயுள் 3 நாள், முதல் நாள் 8 மில்லிகிராம் என்று வைப்போம். 3 நாளில் 4, 6 நாளில் 2, 9 நாளில் 1. அனுமதித்த அளவு 1 என்றால், 6ஆம் நாள் பறிச்சா அதைப்போல இரண்டு மடங்கு நம் பிள்ளைகளின் வயிற்றுக்குள் போகும்.

கழுவினால் போகாதா? மேலே உள்ளது கொஞ்சம் போகும், இலைக்குள் ஊறியது போகாது.

நம் நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டப்படி மருந்துகள் பதிவு செய்யப்படுகின்றன. எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பதைப் போத்தல் லேபலில் வாசிப்போம். தேயிலை மருந்தைக் கீரைக்கு அடிக்காதிருப்போம். அடித்த திகதியை எழுதிப் பாத்தியில் ஒரு குச்சி நட்டு வைப்போம்.